செவிலியர் படிப்புக்கு எத்தனை வாசல்? அண்ணாகிராமம் ஒன்றியத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நேரத்தில் நம் ஊர் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரு கேள்வி சுற்றி வரும். "பொண்ணு நர்ஸுக்குப் படிக்கணும்கிறா. அதுக்கும் நீட் எழுதணுமாமே, உண்மையா?" ஒருவர் ஆமாம் என்பார். இன்னொருவர் இல்லை என்பார். மூன்றாவதாக ஒருவர், "அதெல்லாம் வேணாம், எனக்குத் தெரிஞ்ச இடத்துல பணம் கட்டினா உடனே சீட்டு" என்பார். அந்த மூன்றாவது ஆளிடம்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரியான தகவல் கையில் இல்லாத வீட்டில்தான் இடைத்தரகர் நுழைகிறார். கரும்பு வெட்டியும், முந்திரி பொறுக்கியும், பலாப்பழ லோடு ஏற்றியும் சேர்த்த காசு அது. ஒரு தவறான கையெழுத்தில் போய்விடக் கூடாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நேரடியான பதில்.

தமிழ்நாட்டு அரசு செவிலியர் கல்லூரிகளிலும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் பி.எஸ்சி. நர்சிங் சேர நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. தூய அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு உயிரியலின் இடத்தில் தாவரவியல், விலங்கியல். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, தரவரிசைப் பட்டியல் போட்டு, கலந்தாய்வு நடத்துகிறது. மூன்றாண்டு நர்சிங் டிப்ளமாவுக்கும் மதிப்பெண் வழிதான்.

அப்படியானால் நீட் என்று சொன்னவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் சொன்னது வேறு வாசல். செவிலியர் படிப்புக்கு ஒரே வாசல் இல்லை. அதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

ஒன்று: நமக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது புதுச்சேரி ஜிப்மர். அது மத்திய அரசு நிறுவனம். அங்கே பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

இரண்டு: ராணுவ செவிலியர் பணி. பெண்களுக்கு மட்டும். புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி உட்பட ஆறு ராணுவக் கல்லூரிகளில் மொத்தம் 220 இடங்கள். 2022 முதல் இதற்கும் நீட் மதிப்பெண்தான் முதல் சல்லடை. அதன் பிறகு பொது அறிவுத்திறன், ஆங்கிலத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. படிப்பு இலவசம், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. நான்கு வருஷம் முடித்துத் தேறினால் ராணுவத்தில் லெப்டினன்ட் அதிகாரி. நம் ஒன்றியத்தில் எத்தனை தங்கைகளுக்கு இது தெரியும்?

மூன்று: எய்ம்ஸ். இவர்கள் தனியே தேர்வு நடத்துகிறார்கள். 100 கேள்விகள். இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழில் இல்லை.

நான்கு: வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனங்கள். இவற்றுக்குத் தனிச் சேர்க்கை முறை உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆக, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தால் மாநில வாசல் திறக்கும். அதோடு நீட்டும் எழுதினால் இன்னும் இரண்டு வாசல்களைத் தட்டலாம். "டாக்டருக்குப் படிக்கிறவங்கதான் நீட் எழுதணும், நமக்கு எதுக்கு?" என்று விண்ணப்பமே போடாமல் விட்ட பிள்ளைகள் நம் பகுதியில் நிறைய. நீட் விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதத்திலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் வாசல் சாத்தியிருக்கும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. அதுதான் ஆபத்தான வாசல்.

"ஆறு மாசத்துல நர்ஸ்", "ஒரு வருஷத்துல நர்சிங் சர்டிபிகேட், நூறு சதவீதம் வேலை" என்று கம்பத்தில் தட்டி கட்டியிருப்பார்கள். ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். ஜி.என்.எம். டிப்ளமா மூன்று வருஷம். ஏ.என்.எம். இரண்டு வருஷம். படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் குழுமம் 1926ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி இயங்குவது. அங்கே பதிவு இல்லையென்றால் சட்டப்படி நர்ஸ் இல்லை. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வெளிநாடும் போக முடியாது. ஒரு வருஷச் சான்றிதழோடு ஏதோ ஒரு கிளினிக்கில் குறைந்த கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

எந்தக் கல்லூரியில் பணம் கட்டும் முன்பும் இரண்டே கேள்வி கேளுங்கள். "இந்தக் கல்லூரிக்கு செவிலியர் குழுமத்தின் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கா? டிகிரி என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்குவதற்கே ஒரு வருஷம் அலைய வேண்டியிருக்கும்.

இப்போது இன்னொரு விஷயம். இன்று இருக்கும் மாநில வாசல் நாளைக்கும் இப்படியே இருக்குமா?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் விதிமுறைகளிலேயே நுழைவுத்தேர்வு என்ற ஏற்பாடு வந்துவிட்டது. 100 மதிப்பெண். செவிலியர் பணிக்கான மனப்பாங்கு 20, இயற்பியல் 20, வேதியியல் 20, உயிரியல் 20, ஆங்கிலம் 20. அதன் பிறகு 2023 ஆகஸ்டில் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டின் பழைய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம் இது. நாடு முழுவதும் ஒரே சீரான சேர்க்கை முறை என்பது இந்த ஆணையத்தின் வேலைகளில் ஒன்று. மேற்கு வங்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் நர்சிங்குக்குத் தனி நுழைவுத்தேர்வு நடக்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் பொது நுழைவுத்தேர்வுக்குள் நர்சிங்கையும் கொண்டுவந்துவிட்டார்கள். புதுச்சேரியிலும் 2023-லேயே இந்தப் பேச்சு எழுந்து, எதிர்ப்பும் கிளம்பியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவம் இல்லை. 1984-ல் இங்கே தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. பெரிய நகரத்துப் பயிற்சி மையங்கள் வளர்ந்தன, கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழு ஆராய்ந்து பரிந்துரை தந்தது. 2006-ல் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கி, நுழைவுத்தேர்வை ஒழித்தோம். பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று சட்டமே சொன்னது. பிறகு மருத்துவத்துக்கு நீட் வந்தது. அதன் விளைவை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் ஆராய்ந்தது. அரசுப் பள்ளி, தமிழ்வழி, கிராமப்புற மாணவர்களின் இடம் சுருங்கியதை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது.

"நுழைவுத்தேர்வு வந்தால் தரம் உயரும், நன்கொடை ஒழியும்" என்று சிலர் வாதிடுகிறார்கள். அதையும் மதித்துப் பதில் சொல்வோம். பிளஸ் டூ மதிப்பெண் முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதிலும் டியூஷன் இருக்கிறது, மனப்பாடம் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ தேர்வு, பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் கேட்கிறது. அதற்கு அரசு ஆசிரியர் இருக்கிறார், இலவசப் பாடப்புத்தகம் இருக்கிறது, உள்ளூரிலேயே தேர்வு மையம் இருக்கிறது. நுழைவுத்தேர்வுக்கு இந்த மூன்றையும் வீடுதான் பணம் கொடுத்து வாங்க வேண்டும். நல்ல நர்ஸ் உருவாவது நான்கு வருஷ வகுப்பிலும் வார்டிலும்தான். ராத்திரி மூன்று மணிக்கு நோயாளியின் மூச்சு மாறுவதைக் கவனிக்கிற கண்ணை எந்தக் கேள்வித்தாள் அளக்கும்? நன்கொடை பிரச்சினை என்றால், நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்தைக் கண்காணிக்கட்டும். அதற்கு ஏன் அரசுப் பள்ளிப் பிள்ளையின் வழியில் வேலி போட வேண்டும்?

மொழி விஷயத்தையும் மறக்க முடியாது. 2018 நீட் தேர்வில் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பிழை செய்தது தேர்வு நடத்தியவர்கள், இழந்தது தமிழில் எழுதிய பிள்ளைகள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது இன்றைக்கும் விதி.

ஆகவே நம் நிலைப்பாடு தெளிவு. மாநிலத்தில் மதிப்பெண் வழிச் சேர்க்கையைக் காக்கப் போராடுவோம். அதே நேரத்தில், இருக்கிற தேர்வுகளுக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. வேண்டாத தேர்வை எதிர்க்கிறோம் என்பதற்காக ஜிப்மர் சீட்டையும் ராணுவ சீட்டையும் நம் பிள்ளைகள் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

சரி தங்கைகளே, தம்பிகளே, இப்போது உங்களோடு நேரடியாக. எப்படித் தயாராவது?

முதல் விஷயம், பதினோராம் வகுப்புப் பாடத்தை விட்டுவிடாதீங்க. 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. "அப்பாடா" என்று புத்தகத்தை மூட்டை கட்டிவிட வேண்டாம். நீட் இரண்டு வருஷப் பாடத்தையும் கேட்கிறது. மனித உடலியங்கியல் பெரும்பகுதி பதினொன்றில்தான் இருக்கிறது. செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் அங்கேதான். நர்சிங் முதல் வருஷத்தில் மறுபடி வரப்போவதும் இதே பாடம்தான். இன்று படித்தால் இரண்டு தடவை பலன்.

இரண்டாவது, உயிரியலைப் பிடியுங்க. நீட்டில் மொத்தம் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் மட்டும் 90. அதாவது பாதி. முதலில் உயிரியலை 45 முதல் 50 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்க. மிச்ச நேரம் கணக்கு வருகிற பாடங்களுக்கு. இயற்பியலைப் பார்த்துப் பயந்து மொத்தத் தேர்வையும் விட்டுவிடாதீங்க. அலகுகள், மின்னோட்டம், ஒளியியல், நவீன இயற்பியல் மாதிரி நேரடியாகச் சூத்திரம் போடுகிற பாடங்களிலிருந்து ஆரம்பிங்க.

மூன்றாவது, குருட்டாம்போக்கில் குறிக்காதீங்க. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். ஒன்றுமே புரியாத கேள்வியில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். அடுத்ததுக்குப் போங்க.

நான்காவது, ஒரு நோட்டுப் போடுங்க. இடது பக்கம் தமிழ்ச்சொல், வலது பக்கம் ஆங்கிலச்சொல். சிறுநீரகம், கல்லீரல், தமனி, சிரை, இதயத்துடிப்பு. ஒரு நாளைக்குப் பத்து சொல். நூறு நாளில் ஆயிரம் சொல். தமிழ்வழியில் படித்தது குறை இல்லை. ஆனால் நர்சிங் கல்லூரியில் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் வரும். முதல் செமஸ்டரில் திணறாமல் இருக்க இந்த ஒரு நோட்டு போதும்.

ஐந்தாவது, பழைய கேள்வித்தாள். புதுசு புதுசாகப் புத்தகம் வாங்க வேண்டாம். பள்ளிப் பாடப்புத்தகம், என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், கடந்த சில வருஷக் கேள்வித்தாள்கள். இவ்வளவுதான். வாரம் ஒரு நாள், ஞாயிறு மதியம் 2 மணிக்கு, செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்க. நீட்டும் ஞாயிறு மதியம்தான் நடக்கும். உடம்பு அந்த நேரத்துக்குப் பழக வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் முதல் மே வரை நம் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்குகிற காலம், பலாப்பழமும் வந்துவிடும். வீட்டில் எல்லாக் கையும் வேலைக்குத் தேவை. நமக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பிளஸ் டூ தேர்வும், நீட்டும், விண்ணப்ப வேலையும் அதே மூன்று மாதத்தில்தான் வருகின்றன. அந்த ஒரு வருஷம் மட்டும் பொண்ணைத் தோப்புக்கு அனுப்பாதீங்க. தம்பிக்கு இருக்கிற அதே படிப்பு நேரம் அக்காவுக்கும் வேண்டும். சமையலும் பாத்திரமும் பொண்ணுக்கு மட்டும் எழுதி வைத்தது இல்லை.

காகித வேலையை இப்போதே முடியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், பள்ளிச் சான்றிதழ் இரண்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழை கலந்தாய்வு நாளில் வந்து நிற்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உதவி உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அரசு ஏற்றெடுத்த பல்கலைக்கழகத்தில் ஏன் அரசுக் கல்லூரிக் கட்டணம் இல்லை என்று கேட்டு, 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். கட்டணம் வருஷத்துக்கு 5 லட்சத்துக்கும் மேல் இருந்தது. ஐம்பது நாள் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரியோடு ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் இருந்தால் அந்தக் கட்டணம் இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

அதனால் நாமும் கேட்போம்.

• தமிழ்நாட்டில் செவிலியர் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே தொடர வேண்டும். 1976-ல் பொதுப் பட்டியலுக்குப் போன கல்வியில் மாநிலத்தின் குரலை ஒன்றிய அரசு மதிக்க வேண்டும்.

• எய்ம்ஸ் நர்சிங் தேர்வு தமிழிலும் நடக்க வேண்டும். இந்தியில் எழுதலாம் என்றால் தமிழில் ஏன் எழுதக் கூடாது?

• அரசுப் பள்ளிகளில் நடக்கும் நீட் பயிற்சியில் ஜிப்மர், ராணுவ நர்சிங் வழிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

• அங்கீகாரம் பெற்ற செவிலியர் கல்லூரிகளின் பட்டியல், ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மேல்நிலைப்பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

நம் கிளைத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கொடிக் கம்பம் நடுவதும் பேனர் கட்டுவதும் மட்டும் கட்சி வேலை இல்லை. நம் படிப்பகங்களில் நாளிதழ்களோடு ஒரு கட்டு பழைய கேள்வித்தாளும் இருக்கட்டும். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை விளக்கு எரியட்டும். விண்ணப்பிக்கத் தெரிந்த ஒரு தம்பி, ஒரு தங்கை அங்கே உட்காரட்டும். ஒரு பைசா வாங்காமல் விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே நர்ஸாக இருக்கும் அக்காக்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். எந்தக் கட்சி வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். படிக்க வருகிற பிள்ளைக்குக் கட்சி கிடையாது.

ஒரு வீட்டில் ஒரு பெண் செவிலியர் ஆனால், அந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் வரும். தெருவுக்கே சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு, "நானும் படிக்கலாம்" என்ற எண்ணம் வரும்.

இந்தப் பதிவைப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்புங்கள். தேதியும் விதியும் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தரகரை நம்பாதே! பாடப்புத்தகத்தை நம்பு!
மதிப்பெண் வழியைக் காப்போம்! தேர்வு வழியையும் வெல்வோம்!

#செவிலியர்கல்வி #அண்ணாகிராமம் #கல்விநம்உரிமை